பெட்டியில் பாதி யாருடையது?

மார்கழி பிறந்ததும் மேல்மருவத்தூர் ரயில் நிலையத்துக்கு வேறு முகம் வந்துவிடும். மற்ற மாதங்களில் அந்த நடைமேடையைத் திரும்பியும் பார்க்காமல் ஓடுகிற எக்ஸ்பிரஸ் ரயில்கள் பல, இருமுடி, தைப்பூச விழாக்களுக்காக அங்கே நின்று போகும். இதற்கென்றே தெற்கு ரயில்வே ஆண்டுதோறும் தற்காலிக நிறுத்தம் அறிவிக்கிறது. வண்டி நின்றதும் கதவுகளெல்லாம் சிவப்பாகிவிடும். சிவப்புச் சேலை, கழுத்தில் சக்தி மாலை, தலையில் இருமுடி, தோளில் ஒரு துணிப்பை. இறங்கிய பெண்கள் கூப்பிட்ட குரலுக்குக் குழுவோடு சேர்ந்து விறுவிறுவென்று நடந்துவிடுவார்கள். பெட்டியை இறக்க யாரையும் தேடுவதில்லை. கூலியாள் கேட்டு நிற்பதும் இல்லை.

இதே பெண்களில் ஒருவரை மே மாதம் எழும்பூரில் பாருங்கள். குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார். இரண்டு சூட்கேஸ், ஒரு டிராவல் பேக், சாப்பாட்டுக்கு ஒயர் கூடை, தண்ணீர் கேன், போதாததற்குக் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். வண்டி கிளம்புவதற்குள் நான்கு முறை எண்ணிப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் கணவர், "எதுக்கு இவ்ளோ? வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?" என்கிறார். அவருடைய ரத்த அழுத்த மாத்திரையும் செல்போன் சார்ஜரும் மப்ளரும் ஷேவிங் செட்டும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன.

பெண்களுக்கான பயணக் குறிப்பு என்று எதைப் புரட்டினாலும், சேலையை மடிக்காமல் உருட்டி வையுங்கள், ஷாம்புவைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள், மூன்று ஜோடி செருப்பு வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தவறில்லை. ஆனால், பெட்டி கனப்பது அவளுடைய ஆசையால்தான் என்ற முடிவோடு எழுதப்பட்டவை அவை. ஒரு குடும்பப் பெட்டியைத் திறந்து, அவள் பொருளை ஒரு பக்கமும் மற்றவர்கள் பொருளை ஒரு பக்கமும் வைத்துப் பாருங்கள். அவள் பக்கம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். எனவே என்ன எடுப்பது என்பதோடு, யாருடையதை யார் தூக்குவது என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு சந்திப்பிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, கோயிலும் கடலும் மலைப்படியும் டவுன் பஸ்ஸும் சேர்ந்த இந்த வட்டாரம் அதற்கு நல்ல களம்.

முன் முடி, பின் முடி

நம் ஊர் கண்ட பைகளிலேயே சிக்கனமானது இருமுடி. ஒரே துணி, இரண்டு அறை. சபரிமலை மரபில் முன் முடியில் நெய்த்தேங்காய் முதலான சாமிக்கு உரிய பொருட்கள். பின் முடியில் நடக்கிறவரின் வழிச் செலவுக்கான அரிசி, பருப்பு. ரயிலும் பஸ்ஸும் ஹோட்டலும் வந்த பிறகு பின் முடி இளைத்துவிட்டது. ஆனால் அதன் கணக்கு மாறவில்லை. எதற்காகப் போகிறோம் என்பதற்கு ஒரு அறை, போகிற வழிக்கு ஒரு அறை, மூன்றாவது அறை கிடையாது. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எடுக்கிற பொருள்கள் எல்லாம் அந்த இல்லாத மூன்றாவது அறைக்கு உரியவை. இன்னொன்றும் உண்டு. அவரவர் முடியை அவரவர்தான் சுமக்க வேண்டும். கணவனின் முடியை மனைவி தூக்க முடியாது. குடும்பப் பயணத்தில் நாம் மறந்துபோகிற விதி அது.

பெண்களின் கோயில் பயணத்தில் மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்துக்குத் தனி இடம் உண்டு. 2023 அக்டோபர் 19 அன்று மறைந்த பங்காரு அடிகளார் வளர்த்த அந்தப் பீடத்தில், பெண்கள் கருவறைக்குள் சென்று பூசை செய்யலாம். மாதவிலக்கு நாட்களிலும் வழிபாட்டுக்குத் தடை இல்லை. பக்தி ஒருபுறம் இருக்கட்டும். பெட்டிக் கணக்கிலேயே இதற்கு ஒரு விளைவு உண்டு. மற்ற கோயில் பயணங்களுக்கு முன்னால் நம் பெண்கள் மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற ஒரு மாத்திரை இந்தப் பயணத்துக்குத் தேவைப்படுவதில்லை.

அந்த மாத்திரையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். நாள் தள்ளிப்போட எடுக்கப்படுவது நாரெதிஸ்டீரோன் என்ற ஹார்மோன். வழக்கமாக, மாதவிலக்கு வரவேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். வந்த பிறகு விழுங்கிப் பயன் இல்லை. ரத்தக் கட்டி வந்த அனுபவம் உள்ளவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. நீண்ட நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதே கட்டி உருவாவதற்கு ஒரு காரணம். அதோடு இந்த மாத்திரையும் சேர்வது எல்லா உடம்புக்கும் சரிப்பட்டு வராது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக அவரிடமே இரண்டு அட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒரு சின்ன துணிப்பை தயாராக இருக்கட்டும். நான்கைந்து நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, சுற்றிப் போடப் பழைய செய்தித்தாள், ஜிப் கவர் ஒன்று. அலைச்சலும் தூக்கமின்மையும் நாள் கணக்கைக் கலைத்துவிடும். தேதி தள்ளி இருக்கிறது என்று நம்பிப் போகக் கூடாது. மென்ஸ்ட்ருவல் கப் வீட்டில் சில மாதம் பழகியவர்களுக்கு அருமையான துணை. முதல் முறையாகப் பயணத்தில் முயன்று பார்க்க ஏற்றதல்ல. ரயிலில் உள்ளவை பயோ டாய்லெட்டுகள். நாப்கினை உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும், பிறகு அந்தப் பெட்டியில் வருகிற அத்தனை பெண்களுக்கும் கழிப்பறை இல்லை.

தண்ணீர் குடிக்காத பயணம்

சென்னை கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கொளவாய் ஏரி ஜன்னலில் தெரிந்தால் செங்கல்பட்டு வந்துவிட்டது என்று பொருள். அழகான வழிதான். ஆனால் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணம், அதற்கு முன்னால் ஸ்டேஷனுக்கு வந்த நேரம், இறங்கிய பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

இதற்கு நம் பெண்கள் கண்டுபிடித்திருக்கிற தீர்வு, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது. என் அம்மா தலைமுறை இதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிக்கொடுத்தது. "கிளம்பறதுக்கு முன்னாடி காபிகூட வேணாம்டி" என்பார்கள். கடற்கரை வெயிலில் இது நேராகத் தலைவலியில் கொண்டுபோய் விடும். சிறுநீரை அடக்கி அடக்கிப் பழகினால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வரலாம். எனவே பையில் முதலில் வைக்க வேண்டியது, தண்ணீர் குடிக்கத் துணிச்சல் தருகிற பொருள்கள். காகித சோப்பு, டிஷ்யூ, கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறைக் காசு, சின்ன டார்ச். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் காகிதப் புனல்கள் இப்போது கிடைக்கின்றன. முட்டி வலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவை பெரிய உதவி. வீட்டில் ஒருமுறை பழகிக்கொள்வது நல்லது.

பொதுக் கழிப்பறைக் கதவில் கொக்கி இருக்காது. தாழ்ப்பாளே சந்தேகம். தரை எப்போதும் ஈரம். கைப்பையை எங்கே வைப்பது? குறுக்காக மாட்டிக்கொள்கிற, இரண்டு கையையும் விடுவிக்கிற பைதான் இந்தக் கேள்விக்கு விடை. தோளிலிருந்து நழுவுகிற அழகான ஹேண்ட்பேக்கைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்கும் தெரியாது. செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். ஆக, உங்கள் பெட்டி நடைமேடைப் படி ஏறி இறங்க வேண்டும், பஸ் படியில் ஏற வேண்டும், இறங்கிய பிறகு தெருவில் நடக்க வேண்டும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லை. விடியல் பயணம் என்று பெயர். டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், பெட்டிக்கு இடமும் இல்லை! நடைவழியில் நிறுத்திய டிராலி சூட்கேஸை ஆளாளுக்கு இடித்துக்கொண்டு போவார்கள். கண்டக்டரின் பார்வையையும் தாங்கியாக வேண்டும்.

ரயில்வே விதிப்படி இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும், ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 40 கிலோவும் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். விதி அனுமதிக்கிறது என்று உடம்பு அனுமதிக்காது. பெட்டியைக் கட்டி முடித்ததும், ஒரே மூச்சில் மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். பிறகு மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் திரும்பப் பிரியுங்கள். உள்நாட்டு விமானத்தில் கையோடு கொண்டுபோக அனுமதிக்கிற ஏழு கிலோதான் இந்த வழிக்கும் பொருத்தமான எடை என்பது என் கருத்து.

சக்கரம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வழவழப்பான தரையில் சக்கரம் வரம். ஈ.சி.ஆர். ஓரத்து மணலிலும் கருங்கல் ஜல்லியிலும் அதே சக்கரம் பாரம். சக்கரம் வைத்த பெட்டியின் கதையிலும் பெண்களுக்கு ஒரு பங்கு உண்டு. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969. பெட்டிக்குச் சக்கரம் வைத்து அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ காப்புரிமை பெற்றது 1972. அவர் அதை விற்கப் போன கடைகள் முதலில் ஏற்கவில்லை. ஆண்மகன் பெட்டியை உருட்டிக்கொண்டு போவானா, மனைவியின் பெட்டியையும் சேர்த்துத் தூக்குவதல்லவா ஆண்மை என்ற எண்ணம்தான் குறுக்கே நின்றது. பெண் தனியாகப் பயணம் செய்வாள் என்பதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாத காலம். நெட்டுக்குத்தாக இழுக்கிற கைப்பிடிப் பெட்டியை விமானி ராபர்ட் பிளாத் 1987இல் கொண்டுவந்த பிறகுதான் அது எல்லார் கைக்கும் வந்தது.

ஆனால் அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பே ஒரு பெண் ஒற்றைக் கைப்பையோடு உலகத்தைச் சுற்றிவிட்டார். நியூயார்க் பத்திரிகையாளர் நெல்லி பிளை 1889 நவம்பர் 14 அன்று கிளம்பி, நம் பக்கத்துக் கொழும்பிலும் சில நாள் தங்கி, 72 நாளில் திரும்பி வந்தார். உடுத்திய உடுப்பு ஒன்று, மேலே ஒரு கோட்டு. பையில் உள்ளாடை, ஊசி நூல், பேனா, மை போன்ற சில்லறைப் பொருள்கள். பையைத் திணறடித்தது ஒரு முகப்பூச்சு ஜாடிதான் என்று பிறகு எழுதினார். அந்த ஜாடி இன்றைக்கும் நம் எல்லார் பையிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

அன்னக்கூடைப் பயணிகள்

பயணி என்றதும் சுற்றுலாப் பயணிதான் நினைவுக்கு வருகிறார். இந்தக் கடற்கரையில் சுமையோடு அன்றாடம் பயணம் செய்கிற பெண்கள் வேறு. கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று நீளும் மீனவக் கிராமங்களிலிருந்து அன்னக்கூடையில் மீன் எடுத்துக்கொண்டு உள்ளூர்ச் சந்தைகளுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு மூட்டை கட்டுவது பிழைப்பு.

கவனித்துப் பார்த்தால் அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. தலைக்கும் பாத்திரத்துக்கும் நடுவே துணியைச் சுருட்டி வைக்கிற சும்மாடு, பாரத்தை ஒரே புள்ளியில் அழுத்தவிடாமல் பரப்பிவிடும். சுமை உடம்பின் நடுக்கோட்டிலேயே நிற்கும். முதுகுப்பையின் பட்டையை இறக்கிவிட்டு இடுப்புக்குக் கீழே ஆட்டிக்கொண்டு போகிற நம் கல்லூரிப் பெண்கள், பட்டையை இழுத்துப் பையை மேலே ஏற்றினாலே பாதி வலி குறையும். காசு ஒருபோதும் கூடையில் இருக்காது. இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் இருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையின் வேலையை அது காலம் காலமாகச் செய்துவருகிறது.

இவர்களை நம் பஸ்கள் எப்படி நடத்தின என்பதும் இந்தக் கதையின் பகுதி. 2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு மூதாட்டியை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். காணொளி பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் தங்கள் பொருள்களை 25 கிலோ வரை அரசு பஸ்களில் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம் என்று 2025 மகளிர் தினத்தில் அரசு அறிவித்தது. பெண்ணின் சுமையும் அவளோடு சேர்ந்து பயணம் செய்கிறது என்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

உப்பும் மணலும் சூட்டுக் கல்லும்

இனி துணிமணி. மாமல்லபுரத்தில் காற்றுக்கு எப்போதும் ஈரம், உப்பு. கனமான ஜீன்ஸைத் துவைத்தால் மறுநாளும் காயாது. டர்க்கி டவலும் அப்படியே. அதற்குப் பதில் ஈரிழைத் துண்டு இரண்டு எடுங்கள், மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். இரண்டு நாள் பயணத்துக்கு உடுத்தியதையும் சேர்த்துக் கொஞ்சம் துணி போதும். மேலுக்கு மூன்று, கீழுக்கு இரண்டு, எதை எதோடு போட்டாலும் பொருந்துகிற நிறமாக இருக்க வேண்டும். பாக்கெட் வைத்துத் தைக்கச் சொல்லி டெய்லரிடம் சண்டை போடுங்கள். குர்தி பக்கவாட்டுத் தையலில் ஒரு பை வைக்க அரை மணி நேர வேலை. நம் உடைகளில் அது இல்லாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

துப்பட்டாவைப் போலப் பல வேலை செய்யும் துணி வேறில்லை. வெயிலுக்கு முக்காடு, ரயிலில் போர்வை, கோயிலில் மரியாதை, உடை மாற்றும்போது திரை, ராத்திரி நைட்டிக்கு மேல் வராந்தாவுக்கு வரத் துணை. நல்ல பருத்தியில், அகலமாக ஒன்று எடுங்கள். அதன் ஓரத்தில் நான்கு ஊக்கு குத்திவைத்தால் அறுந்த செருப்பு முதல் கிழிந்த பை வரை எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும்.

திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். செருப்பு கீழே. பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும். தடித்த நூல் சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருந்தால் பாதம் தப்பும். குரங்குகளின் கண்ணுக்குப் பிளாஸ்டிக் கவர் என்றால் அது சாப்பாடுதான். பூ, பழம், பிரசாதம் எதுவானாலும் மூடுகிற துணிப்பைக்குள் போடுங்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்லியல் துறையின் கையில் இருக்கின்றன. ஒரே டிக்கெட், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்தலசயனப் பெருமாள் கோயில் வழிபாட்டில் இருக்கிற திவ்ய தேசம். அரைக்கால் டிரவுசரோடு கடலிலிருந்து நேராக அங்கே போக முடியாது. மாற்றிக்கொள்ள இடம் தேட வேண்டியிருக்கும் என்பதால், மேலே சுற்றிக்கொள்ள ஒரு நீளப் பாவாடை உதவும்.

கடல் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாமல்லபுரம் கடற்கரையில் அடி நீரோட்டம் இழுக்கும். உயிர்ப்பலி நடந்த கடல் அது. சேலையோடும் தொளதொளத்த சுடிதாரோடும் அலையில் இறங்காதீர்கள். நனைந்த ஐந்தரை மீட்டர் துணி காலைச் சுற்றினால் நீச்சல் தெரிந்தவராலும் எழுந்திருக்க முடியாது. உடம்போடு ஒட்டிய, சீக்கிரம் காய்கிற, அடர் நிற டீ ஷர்ட்டும் லெக்கிங்ஸும் போதும். கூச்சம் போக வேண்டுமா, கோவளத்தில் அலைச் சறுக்கு பழகுகிற உள்ளூர்ப் பெண் பிள்ளைகளைப் பாருங்கள். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி, சின்னப் பெண்ணாக வெறுங்காலோடு ஸ்கேட்போர்டில் சரிந்து வந்த படம் உலகம் சுற்றியது. அவரைப் பற்றிய குறும்படம் 2020 பாஃப்டா விருதுப் பட்டியல் வரை போனது. நீலக் கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரையில் உடை மாற்றும் அறை உண்டு. அது இல்லாத இடங்களுக்குத்தான் முன்னே சொன்ன துப்பட்டா.

மழைக்காலத்தில் வருவதானால் குடையை நம்பாதீர்கள். கடற்காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இந்த மாமல்லபுரத்துப் பக்கம்தான். தொப்பி வைத்த மழைக்கோட்டு ஒன்று, பைக்குள் எல்லாத் துணிக்கும் உள்ளுறையாக ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. முதுகுப்பைக்கு மேலே உறை மாட்டுவதைவிட உள்ளே உறை போடுவது மேல். காற்று கழற்றிக்கொண்டு போகாது.

கையோடு இருக்க வேண்டியவை

நகையைப் பற்றி ஒரே பேச்சு. கல்யாணத்துக்குப் போகிறீர்கள், வேறு வழியில்லை என்றால், கையோடு குறுக்குப்பையில். கீழ்ப் பெர்த்துக்கு அடியில் வைக்கிற பெட்டியில் ஒருபோதும் வேண்டாம். கழுத்தில் இருப்பதை ஜன்னலோரத்தில் துப்பட்டாவால் மூடுங்கள். சிக்னலுக்காக வண்டி மெதுவாகும் இடத்தில்தான் கை உள்ளே வரும்.

ஊர் சுற்றும் வரை பெட்டியை ரயில் நிலையப் பொருள் காப்பறையில் விட நினைப்பவர்கள் பூட்டு மறக்கக் கூடாது. பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென்று ஒரு ஒதுக்கீடு உண்டு; 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் பெர்த் ஒதுக்கீடும் உண்டு. முன்பதிவு செய்கிறவர் பெரும்பாலும் மகனோ கணவரோ என்பதால் அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுக்காமலே விட்டுவிடுவார்கள். சொல்லிச் செய்ய வைக்க வேண்டும். ரயிலில் உதவிக்கு 139, பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112. போனில் சேமித்ததோடு விடாமல் ஒரு சீட்டிலும் எழுதிப் பணப்பையில் வையுங்கள். போன் தொலைகிற அன்றைக்குத்தான் எண் தேவைப்படும்.

மருந்து அட்டையோடு, மருத்துவர் சீட்டின் படத்தோடு இருக்கட்டும். பத்து மாத்திரையைப் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டினால் எது எதற்கு என்று அவசரத்தில் யாருக்கும் தெரியாது. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு போதும்.

அவரவர் பை

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு மாற்றத்தைச் சொல்கிறேன். குடும்பத்துக்கு ஒரு பெரிய சூட்கேஸ் என்பதை நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு முதுகுப்பை. ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒன்று. தன் உள்ளாடை, தன் பல்துலக்கி, தன் தண்ணீர் பாட்டில். கணவரின் மாத்திரை கணவரின் பையில். மாமியார் பையை மாமியாரைக் கேட்டே கட்ட வேண்டும், அதை மகன் தூக்கலாம். முதல் பயணத்தில் யாராவது ஒருவர் சார்ஜரை மறப்பார். மறக்கட்டும். 'அம்மா எடுத்து வச்சிருப்பா' என்ற நம்பிக்கை ஒரு பயணத்தில் உடைந்தால் அடுத்த பயணத்தில் பெட்டி தானாக இளைக்கும். இது மூட்டை கட்டும் உத்தியா, குடும்ப அரசியலா என்று கேட்டால், இரண்டுக்கும் அதிக தூரமில்லை.

பேறுகாலம் பார்க்க அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ பறக்கிற அம்மாக்களின் பெட்டி இதற்கெல்லாம் அடங்காது. பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வடாம், ஊறுகாய், மருமகனுக்கு முறுக்கு. தராசில் ஏற்றி இறக்கி, ஒரு பொட்டலம் எடுத்து ஒரு பொட்டலம் வைத்து நடக்கும் அந்தக் கடைசி இரவு எல்லா வீட்டிலும் ஒன்றுபோலத்தான். அவர்களுக்குச் சில வார்த்தை மட்டும். எண்ணெய் ஊறுகாய் செக்-இன் பெட்டியில், இரண்டு கவருக்குள். சர்வதேசப் பயணத்தில் கைப்பைக்குள் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். அதைச் செக்-இன் பெட்டியில் போட்டால் திறக்கச் சொல்வார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் காட்டினால் அதிகம் போனால் ஒரு பொட்டலம் போகும், மறைத்தால் அபராதம்.

மாமல்லபுரத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு வேறு ஒரு எடை காத்திருக்கிறது. ஐந்து ரதச் சாலையில் உளிச் சத்தம் கேட்காத பகல் இல்லை. இங்குள்ள கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும் இந்த ஊரில்தான். உள்ளங்கை அகல மாக்கல் பிள்ளையார் பைக்குள் அடங்குவார். முழங்கை உயரக் கருங்கல் பிள்ளையார் பெட்டியின் அடியைப் பிய்த்துக்கொண்டு இறங்கிவிடுவார். விமானத்தில் போகிறவர்கள் கனமான கல்லைக் கைப்பையில் கொண்டுபோனால் சோதனையில் நிறுத்துவார்கள். செக்-இன் பெட்டியின் நடுவில், அழுக்குத் துணியால் சுற்றி வையுங்கள். பெரிய சிலையென்றால், வைக்கோல் வைத்து மரச்சட்டம் அடித்து லாரி பார்சலில் அனுப்பித் தருகிற பட்டறைகளாகப் பார்த்து விலை பேசுங்கள். பார்சல் கூலியையும் உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள், செங்கல்பட்டு நடைமேடைப் படியில் பிள்ளையாரை யார் தூக்குவது என்று.